காலையில் நல்ல கால்

நடக்க முடியாதவரை நடக்க வைத்த மகான்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். நடக்க முடியாத ஒருவரைக் காலையில் நடக்க வைத்து, மத்தியானம் மறுபடியும் முடக்கிப் போட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு வாங்கிய மகான் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் சீனியர். அவருடைய கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடும் ஜூனியர் என்ற முறையில், அந்த 'அற்புதத்தை' அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சீனியர் ஒரு பாரிஸ்டர். எங்கள் அலுவலக வாசலில் மூன்று பித்தளைப் பலகைகள் உண்டு: போலீஸ் வழக்கு, வேலை வழக்கு, 'பெர்சனல் இஞ்சுரி' என்கிற உடற்காய வழக்கு. மனிதனுக்கு வரக்கூடிய துன்பம் அனைத்தும் இந்த மூன்றில் அடங்கிவிடும் என்பது அவர் சித்தாந்தம். "கல்யாணம், சார்?" என்று ஒருமுறை கேட்டேன். "அதுல மூணுமே வரும்" என்றார்.

மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததுதான் இந்த வரலாறு.

அவர் ஒரு போலீஸ்காரர். ஓடுகிற திருடனை ஓடியே பிடிப்பதால் ஸ்டேஷனில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஒருநாள், திருட்டுப்போய் மீண்ட தையல் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பின்படிக்கட்டில் இறங்கும்போது, வெகுநாளாக உடைந்து கிடந்த படி காலை வாரிவிட்டது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் போய்விட்டது.

எக்ஸ்பிரஸ் நஷ்டஈடு கேட்டார். இலாகா அவரை, 'உடல் தகுதியின்மை' என்ற கௌரவமான காரணத்தோடு வேலையை விட்டு நீக்கியது. அதை எதிர்த்தும் மனுப் போட்டார். இரண்டிலும் இலாகாவுக்காக ஆஜரானவர் என் சீனியர். படியைச் சரி செய்யலாமா என்று இலாகா கேட்டபோது, "சரி செஞ்சா அது சரியில்லாம இருந்ததை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் சீனியர். அன்றிலிருந்து இலாகா அந்தப் படியை உடைந்தபடியே பாதுகாத்து வருகிறது.

இரண்டு வழக்கும் ஒரே நாளில் வந்தன. காலையில் இரண்டாம் மாடி சிவில் கோர்ட்டில் காயம். மத்தியானம் நான்காம் மாடித் தீர்ப்பாயத்தில் வேலை.

காலையில் கூண்டில் ஏறிய எக்ஸ்பிரஸைப் பார்த்துச் சீனியர் அன்போடு ஆரம்பித்தார்.

"வீட்டுலேருந்து எப்படி வந்தீங்க?"

"பஸ்லய்யா."

"பஸ் உங்க வீட்டு வாசலுக்கே வந்துச்சா?"

"இல்லய்யா. நடந்து போய்த்தான் ஏறினேன்."

"நடந்து!" என்று நீதிபதியைப் பார்த்தார் சீனியர். "சரி, இந்த மாடிக்கு?"

"படி ஏறித்தான் வந்தேன்."

"லிஃப்ட் இருக்கும்போது படியிலயா?"

"லிஃப்ட் வக்கீலுக்கும் ஜட்ஜய்யாவுக்கும் மட்டும்னு எழுதியிருக்கே."

"இதையெல்லாம் படிச்சுப் பார்த்து, தன் காலை நம்பி, படியைத் தேர்ந்தெடுத்திருக்கார், கனம் நீதிபதி அவர்களே! இந்தக் காலுக்கா நஷ்டஈடு?"

எக்ஸ்பிரஸின் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். அதற்குள் கால் குணமாகிவிட்டது. மனு தள்ளுபடி.

மத்தியானம் தீர்ப்பாயத்தில் எக்ஸ்பிரஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வியர்வை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். சீனியர் கண் கலங்காத குறையாகப் பேசினார்.

"ரெண்டு மாடி ஏற இவ்வளவு நேரம் ஆகுது இவருக்கு. திருடன் என்ன, வழியில உட்கார்ந்து இவருக்காகக் காத்திருப்பானா? நெஞ்சு பொறுக்கலை எனக்கு. ஆனா இந்தக் கால் இனி எதுக்கும் உதவாதுங்கறதுதான் உண்மை."

"உட்கார்ந்து எழுதற வேலையாவது குடுங்கய்யா" என்றார் எக்ஸ்பிரஸ்.

"போலீஸ்காரர்னா உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் போலீஸ்காரரா இருக்கணும். பாதி போலீஸ்காரருக்குச் சட்டத்துல இடமில்லை."

"அய்யா, என் காலு நல்லா இருக்குன்னு காலையில இதே அய்யாதான் சொன்னாரு!"

தீர்ப்பாயத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கே சொன்னாரு?"

"ரெண்டாம் மாடியில."

"கீழ்மாடியில சொன்னதெல்லாம் இங்க சாட்சியம் ஆகாது."

சீனியர் பெருந்தன்மையோடு எழுந்தார். "நான் மறுக்கவே இல்லை. காலையில சொன்னது காலையில இருந்த காலைப் பத்தி. இப்ப மத்தியானம்."

கால் போனதால் பதவி காலி என்று தீர்ப்பானது.

எக்ஸ்பிரஸ் மூன்றாம் மாடி வரை இறங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் தேங்கி நின்றார்கள். காவலுக்கு நின்ற இளம் போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"அண்ணே, எழுந்திருங்கண்ணே. மேலதிகாரி பார்த்தா என் வேலை போயிடும்."

"எழுந்தா என் நஷ்டஈடு போச்சு, உட்கார்ந்தா என் வேலை போச்சு. அப்பீல் முடியற வரைக்கும் நான் எப்படி இருக்கணும்னு நீயே சொல்லுப்பா."

அவர் மனைவி என் கையைப் பிடித்தார். "ஏம்மா, போலீஸ் குடியிருப்புல வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவேன்? உங்க சாருகிட்ட சொல்லும்மா. அவர் காலையில சொன்ன காலைக் குடுக்கட்டும், இவரு வேலைக்குப் போவாரு. இல்ல, மத்தியானம் சொன்ன காலைக் குடுக்கட்டும், அதுக்குப் பணத்தைக் குடுக்கட்டும். ரெண்டையும் அவரே வச்சுக்கிட்டா எப்படி?"

அதற்குள் சீனியரே படியில் இறங்கி வந்தார். லிஃப்டில் ஒரு நீதிபதி சிக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க மேல உங்களுக்கு என்னய்யா கோபம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கோபமா? இதுல பெர்சனலா ஒண்ணுமே இல்லைம்மா."

"ஓகோ. வெறும் இஞ்சுரி மட்டும்தானா?"

சீனியர் அந்த ஹாஸ்யத்தை மிகவும் ரசித்தார். ரசித்துக்கொண்டே இளம் போலீஸ்காரரிடம், கோர்ட் படியை மறித்து உட்காருவது எந்தப் பிரிவில் வரும் என்று இலவசமாக ஆலோசனை சொன்னார். இப்படியாக மீதியிருந்த போலீஸ் வழக்குப் பலகைக்கும் வேலை வந்தது.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் எக்ஸ்பிரஸ் நின்றார், சுவரில் சாய்ந்தபடி. போலீஸ் தரப்பில் சீனியர். "எழுந்திருக்கக் கூடிய கால் இருந்தும் வேணும்னே எழுந்திருக்கலை" என்று சிவில் கோர்ட் தீர்ப்பை நீட்டினார். எக்ஸ்பிரஸின் மனைவி தீர்ப்பாயத்தின் உத்தரவை நீட்டினார்.

மாஜிஸ்திரேட் இரண்டையும் படித்தார். படித்து முடித்துக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் நீங்கதான் ஆஜராகியிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க. இவர் கால் நல்லா இருக்கா, இல்லையா?"

சீனியர் அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"எந்தக் கேஸுக்குக் கேட்கறீங்க?"

மாஜிஸ்திரேட் எக்ஸ்பிரஸைப் பார்த்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க" என்று வழக்கை முடித்துவிட்டார். இந்த ஒரு தோல்வி சீனியரைப் பல நாள் வாட்டியது. எக்ஸ்பிரஸின் அப்பீல்களுக்குப் பதில் தயாரிக்கும்போதெல்லாம் "மாஜிஸ்திரேட்டுக்குச் சட்ட ஞானம் போதாது" என்று பெருமூச்சு விடுவார்.

போலீஸ் குடியிருப்பில் எக்ஸ்பிரஸ் இருந்த வீட்டைத் திரும்பப் பெற இலாகா போட்ட மனுவும் எங்களிடமே வந்தது. அதிலும் ஜெயித்தோம். அந்த வாரம் காரில் அந்தப் பக்கம் போனோம். தெருவில் ஒரு கட்டில், சுருட்டிய பாய்கள், அடுப்பு, புத்தகப் பைகள் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு குழந்தைகள். சாமான்களைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. பக்கத்தில் கழியை ஊன்றிக்கொண்டு எக்ஸ்பிரஸ் வண்டிக்காகக் காத்திருந்தார்.

சீனியர் காரை நிறுத்தச் சொன்னார். அவர் கண்கள் விரிந்தன.

"நிக்கறார் பாரு! ஒரு போட்டோ எடும்மா. நஷ்டஈடு அப்பீலுக்கு உதவும்."

எடுத்தேன். படம் தெளிவாகவே விழுந்தது. அந்த மனிதரால் நிற்க முடியுமா முடியாதா என்பதை எந்தக் கோர்ட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அவரைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிறுத்திக் காட்டினார் என் சீனியர், அதுவும் ஒரு பொய்கூடச் சொல்லாமல்.