ஏழாவது வார்டு வேட்பாளர்கள்

மண்டபத்தில் குஷன் வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. வேட்பாளர்களோ இரண்டு பேர்.

“அவருக்கு குஷன், எனக்கு பிளாஸ்டிக்கா?” என்று அருள்மொழி மேடைப் படியிலேயே நின்றுவிட்டார்.

“முன்னாடி வந்தேன், உக்காந்தேன். இதுல இன்னாப்பா இருக்குது?” என்றார் தட்சணாமூர்த்தி. எழுந்திருக்கும் உத்தேசமே அவருக்கு இல்லை.

கடலோர சேவை சங்கத்தின் செயலாளர் சித்தார்த்தனுக்கு வியர்த்துக் கொட்டியது. மருந்துக் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, மூன்று வாரம் அலைந்து ஏற்பாடு செய்த வேட்பாளர் அறிமுகக் கூட்டம் இது. ஏழாவது வார்டில் ஜெயிப்பவர்தான் மரக்காணம் பேரூராட்சித் தலைவர் என்று ஊரே பேசிக்கொண்டது. சித்தார்த்தனுக்குக் கடை இங்கே, வீடு கோட்டக்குப்பத்தில். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்குச் சுவர் கைகூப்பிச் சிரித்த இந்த இரண்டு முகங்கள்தான். போஸ்டரில் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அதை யார் நின்று படித்தார்கள்?

சங்கத் தலைவர் லியாகத் அலி காதோரம் குனிந்தார். “தம்பி, சண்டை இல்லாம முடிச்சிட்டா அடுத்த வருஷம் சங்கத் தலைவர் நீதான். கைகலப்பு ஆச்சுன்னா, செயலாளரும் நீ இல்ல.”

சித்தார்த்தன் தட்சணாமூர்த்தியைக் கெஞ்சி எழுப்பி, குஷன் நாற்காலியைத் தூக்கிக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, இருவருக்கும் பிளாஸ்டிக்கே போட்டார். இப்போது இருவருமே முறைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. சுண்டல் போடும் மாஸ்டர் கிளியனூர் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம்.

“ஐயோ, சுண்டல் இல்லையா?” என்று பதறியவர், கையிலிருந்த மைக்கை மறந்துவிட்டார். மண்டபம் முழுக்க அது கேட்டது.

“நம்ம வூட்டுக்காரம்மா வந்து செய்வாங்க!” என்று அருள்மொழி எழுந்தார்.

“ஏன், எங்க வூட்ல செஞ்சா வேவாதா?” என்று தட்சணாமூர்த்தியும் எழுந்தார்.

கால் மணி நேரத்தில் இரண்டு வீட்டம்மாக்களும் வந்து சமையல்கட்டுக்குள் போனார்கள். அங்கேயும் அடிதடியோ என்று சித்தார்த்தன் எட்டிப் பார்த்தார். ஒருவர் தேங்காய் துருவ, இன்னொருவர் மிளகாய் கிள்ள, ஒரே சிரிப்பு. அப்பாடா என்றிருந்தது.

மேடையில் அடுத்த தகராறு. யார் முதலில் பேசுவது? சித்தார்த்தன் மூளையைக் கசக்கி, ஆளுக்கொரு மைக் கொடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“உப்பளத்துல வெயிலுக்கு ஒதுங்க கொட்டாய் போட்டுத் தர்றேன்!”

“நான் ஃபேன் போட்ட கொட்டாய் தர்றேன்!”

“நான் ஏசியே மாட்டறேன்!”

“மழை வந்தா பாத்தி உப்பு கரையுது இல்ல? நான் வந்தா அந்த மழையே உப்பளத்துப் பக்கம் வராது!”

விசில் பறந்தது. வேலையை முடித்த கையோடு, காலில் உப்புப் பூத்தபடி வந்திருந்த உப்பளத்துப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். சித்தார்த்தனுக்கே உற்சாகம் தலைக்கேறியது. மரக்காணத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததுண்டா!

“வாயால சொன்னா போதுமா? எழுதி வாங்கு!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அருமையான யோசனை. சித்தார்த்தன் மருந்துக்கடை லெட்டர்பேடில், மழையை நிறுத்துவது உட்பட எல்லாவற்றையும் எழுதினார். அடியில் ‘வேட்பாளர் கையெழுத்து’ என்று கோடு போட்டார். முன்பின் என்று சண்டை வரக்கூடாதே. இரண்டு தாள், இரண்டு பேனா, இரண்டையும் ஒரே சமயத்தில் நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை. அருள்மொழி தட்சணாமூர்த்தியைப் பார்த்தார். தட்சணாமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தார்.

“போடுங்க சார்,” என்று கெஞ்சினார் சித்தார்த்தன். “நீங்கதானே வேட்பாளர்?”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளி செல்லம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அந்தப் பேப்பரை சமையல்கட்டுக்கு எடுத்துக்கினு போ சார். இந்த வாட்டி இது பொம்பளைங்க வார்டு, வேட்பாளருங்க ரெண்டு பேரும் அங்க சுண்டல் தாளிச்சிக்கினு இருக்காங்க.”