பகேரியாவில் எறிந்த தேங்காய்

கடவுளை நம்புகிற மனுசருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஒரு காரியத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டோம். பக்கத்தில் நின்று அவருக்கு உதவி செய்யப் போவோம். அப்படிப் பிள்ளையாருக்கு உதவி செய்யப் போய், ஒரு கூடைப்பந்து ஆட்டத்தை நாற்பது நிமிசம் பிந்த வைத்தவன் நான்.

பலெர்மோவில் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது ஒரு இத்தாலிய அம்மா வீட்டில், வேலை செய்கிறேன். என் மனுசி வதனி அதே தெருவில் ஒரு வயசான அம்மாவைப் பார்க்கிறா. எங்கள் மகள் அபி அப்போது கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருந்தாள். (எங்கட ஊரில பள்ளிக்கூடத்தையும் கல்லூரி எண்டுதான் சொல்லுறது. இத்தாலிக்கு வந்தும் அந்தப் பெருமையை விடேல்லை.) ஆட்டம் பார்க்க நான், வதனி, குகன் அண்ணை, மன்னார் அன்ரன் என்று நாலு பேர் தவறாமல் போவோம். நாலு பேருக்கும் சட்டதிட்டம் ஒன்றும் தெரியாது. தொண்டை மட்டும் நல்ல தொண்டை.

ஒருமுறை சரஸ்வதி பூசைக்கு அபியின் பந்தையும் கும்பத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்தநாள் பயிற்சியில் பந்து ஒருத்தருடைய கையிலும் நிற்கவில்லையாம். வாத்தியார் அதை மணந்து பார்த்துவிட்டு, “இது என்ன சோப்?” என்று கேட்டாராம். அபி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அதனால் பக்கத்து ஊர்ப் பகேரியாக் கல்லூரியோடு ஆட்டம் வந்தபோது முதலே சொல்லிவிட்டாள். அந்த ஆட்டத்தில் வெல்கிறவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அதைவிட, இரண்டு வருசம் மாற்று ஆளாக வாங்கில் குந்தியிருந்தவள், முதல்முறையாகத் தொடக்கத்திலேயே ஐந்து பேரில் ஒருத்தியாக இறங்கப் போகிறாள்.

“அப்பா, நீங்கள் வரலாம். ஆனால் விபூதி, சந்தனம், மணி ஒண்டும் கொண்டு வரக்கூடாது. இந்தமுறையும் ஏதாவது செய்தீங்களெண்டால் நான் விளையாட மாட்டன். சத்தியமா.”

“ஓம் பிள்ளை,” என்றேன்.

(அவள் தேங்காயைச் சொல்லேல்லை. அது என்ர பிழையில்லை.)

அபி கல்லூரி பஸ்ஸில் போய்விட்டாள். நாங்கள் நாலு பேரும் ரயில் ஏறினோம். என் மடியில் ஒரு பை. பைக்குள் துவாயில் சுற்றிய முடித்தேங்காய். சந்தனத்தை வீட்டிலேயே பூசிவிட்டேன். அப்படியென்றால் நான் சந்தனம் கொண்டு போகவில்லை, தேங்காய்தான் கொண்டு போகிறது என்று பிள்ளையாருக்கு விளங்கப்படுத்தியிருந்தேன்.

ரயிலில் பேச்சு பகேரியாவின் கோச்சைப் பற்றித் திரும்பியது. ரோசாரியோ என்று பெயர். முந்தைய முறை பலெர்மோவுக்கு வந்து எங்கள் பிள்ளைகளைத் தோற்கடித்துப் போனவர். ஒருவரைப் பிடிக்காமல் போக அது போதாதா?

“ரோசாரியோ பன்னிரண்டு வருசம் ஆமியில இருந்தவராம்,” என்றான் அன்ரன். பங்குக் கோயிலில் அவனுக்கு எல்லாச் செய்தியும் வந்து சேரும். “வெளிநாட்டிலயும் நிண்டவராம், அமைதிப்படையில.”

அமைதிப்படை என்ற சொல்லைக் கேட்டதும், ஊரில் ஒரு அமைதிப்படையைக் கண்ட குகன் அண்ணை யன்னலுக்கு வெளியே கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

“சும்மா போடாப்பா,” என்றேன். “எங்கட சிஞ்ஞோராவின்ர மனுசனும் ஆமிதான். அந்தக் காலத்தில இஞ்சை ஆம்பிளையள் எல்லாரும் ஒரு வருசம் கட்டாயம் போகவேணும். அவர் அந்த வருசம் முழுக்க உருளைக்கிழங்கு உரிச்சவர். இவரும் அப்பிடித்தான்.”

“பன்னிரண்டு வருசமும் கிழங்கு உரிக்கேலுமே மச்சான்?”

“பெரிய முகாமா இருந்திருக்கும்.”

வதனி கையைத் தலையில் வைத்தா. “பிள்ளை விளையாடப் போறாள். உங்களுக்கு என்ன கண்டறியாத கதை?”

நான் விடவில்லை. “ஆமிக்காரனை எனக்குத் தெரியாதோ? ஆமியின்ர சோதனைச் சென்றியில இறங்கிச் சைக்கிளை உருட்டி உருட்டியே வளந்தவன் நான். ஆமிக்காரன் சப்பாத்து நூல் கட்டுற விதமே வேற. இவர் போடுறது நூலில்லாத, ஒட்டுற சப்பாத்து. குழந்தைப்பிள்ளையள் போடுறது. வயிறும் முன்னுக்கு நிக்குது.”

குகன் அண்ணை கடலை விட்டுத் திரும்பினார். “வரதன், அவர் ஆமியெண்டால் ஆமிக்காரன் எண்டு பேசுவாய். இல்லையெண்டால் பொய்க்காரன் எண்டு பேசுவாய். அந்த மனுசன் எப்பிடித்தான் உன்னட்டத் தப்புறது?”

நான் சத்தத்தைக் கூட்டினேன். “அவர் உண்மையான ஆமியெண்டால், அந்தாளுக்கு முன்னால நான் நிலத்தில விழுறன்! பிள்ளையார் சாட்சி!”

மடியில் தேங்காயை வைத்துக்கொண்டு இப்படிக் கதைக்கக் கூடாது.

விளையாட்டு மண்டபத்தின் பக்கவாட்டில் ஒரு சீமெந்துப் படி. படிக்குப் பின்னால் பாதி இறக்கிய இரும்பு ஷட்டர். பிள்ளைகள் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் ஒரே அடி, ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் ஒன்றும் தெரியாதவன் போல உட்காரலாம் என்பது திட்டம். (சத்தமில்லாமல் தேங்காய் உடைக்க நினைச்ச முதல் ஆள் நானாத்தான் இருப்பன்.)

வதனி, “இஞ்சாருங்கோ, வேண்டாம்,” என்றா. நான் கண்ணை மூடி, “பிள்ளையாரப்பா, அபி வெல்லவேணும்,” என்று இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கதவு திறந்தது. படம் எடுப்பதற்காக இரண்டு அணியும் வரிசையாக வெளியே வந்தன. முன்னுக்கு ரோசாரியோ. கண்ணைத் திறந்தபோது என் கை பாதி வழி வந்துவிட்டது. நிறுத்தப் பார்த்தேன். சந்தனம் விடவில்லை. தேங்காய் வழுக்கிப் படியைத் தாண்டி, அந்த இரும்பு ஷட்டரின் நட்ட நடுவில் போய் மோதியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. எங்கள் வயசுக்காரருக்குச் சொல்லவும் தேவையில்லை.

இந்தப் பக்கத்து ஆட்கள் ஞானஸ்நானத்துக்கும் வெடி போடுவார்கள், உதைபந்தில் ஒரு கோல் அடித்தாலும் போடுவார்கள். அதனால் அவர்களில் ஒருவரும் அசையவில்லை. கையில் அரன்சீனாச் சோற்றுருண்டையோடு நின்ற ஒரு தாய் கடியைக்கூட நிறுத்தவில்லை.

நிலத்தில் விழுந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்.

ரோசாரியோ தனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையை இழுத்துச் சுவரோரம் கிடத்தி, தன் முதுகால் மூடிக்கொண்டார். குகன் அண்ணை குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார். குண்டுவீச்சுக்குச் சின்ன வயசில் எங்களுக்குப் பழக்கின மாதிரி, ஒரு பிழையும் இல்லாமல். “மாதாவே!” என்ற குரல் நிறுத்தியிருந்த காருக்குக் கீழேயிருந்து வந்தது; அது அன்ரன். வதனி பூச்சாடிக்குப் பின்னால்.

ஐந்தாவது ஆள் நான். எறிந்தவனும் நான், விழுந்தவனும் நான். எறிந்தது தேங்காய் என்று உலகத்திலேயே திட்டமாகத் தெரிந்த ஒரே ஆள், அதுக்குப் பயந்து நிலத்தில் கிடந்தேன்.

கண்ணைத் திறந்தேன். ஒரு முழத் தூரத்தில், என் முகத்துக்கு நேரே, ரோசாரியோவின் முகம். இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். அவர் என்னைப் பார்த்தார், குகன் அண்ணையைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். மெதுவாக இத்தாலியனில் கேட்டார்.

“எந்தப் படையில் இருந்தீர்கள்?”

“படையில் இல்லை.”

“பிறகு எங்கே?”

“பள்ளிக்கூடத்தில்.”

அவர் சிரிக்கவில்லை. “எத்தனை வயதில்?”

“பத்து.”

அவர் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். அவ்வளவுதான். தேங்காயின் ஒரு பாதி உருண்டு உருண்டு வந்து எங்கள் இரண்டு முகங்களுக்கும் நடுவில் நின்றது.

அவருக்குக் கீழேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. “அப்பா… தேங்காயா?”

அவர் மூடிக் காப்பாற்றிய பிள்ளை அபி.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடும். நடுவர் வந்தார். வாத்தியார் வந்தார். துப்புரவு செய்கிற அம்மா தும்புத்தடியோடு வந்து, தேங்காய் ஓட்டைத் தட்டிப் பார்த்து, பயமில்லை என்று அறிவித்தா. நடுவர் என்னைக் காட்டி, இந்த ஆள் இங்கே நிற்கக் கூடாது என்றார். அதுகூடப் பரவாயில்லை. அபி கையில் கட்டியிருந்த பட்டியைக் கழற்றிவிட்டுப் போய்ப் படியில் இருந்துவிட்டாள்.

“நான் சொன்னனான்தானே. நான் விளையாட மாட்டன்.”

“பிள்ளை, அப்பா வீட்டை போறன். நீ விளையாடு.”

“வேண்டாம்.”

“உன்ர காலில விழுறன், அம்மா.”

“நீங்கள் இண்டைக்கு விழுந்தது காணும்!”

இரண்டு வருசம் வாங்கில் இருந்த பிள்ளை. அவளுடைய நாளை நானே உடைத்துப் போட்டேன். பிள்ளையாரைக் கூப்பிடவும் வெட்கமாக இருந்தது.

அப்போது ரோசாரியோ முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, தேங்காய்ப் பாதியைக் கையில் ஏந்தி வந்தார். “இது எதற்கு?”

“கடவுளுக்கு. தடைகள் விலகுவதற்கு.”

“எந்த அணிக்கு?”

நடுவர் பார்த்தார். பகேரியாப் பெற்றோர் பார்த்தார்கள். படியில் இருந்து அபியும் நிமிர்ந்து பார்த்தாள்.

“இரண்டு அணிக்கும்,” என்றேன்.

பிள்ளையார் பேரில் நான் சொன்ன முதல் பெரிய பொய். அபிக்கு அது பொய்யென்று தெரியும். வாயைக் கையால் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன், சிரிக்கிறாள். சிரித்து முடித்து, பட்டியைத் திரும்பக் கையில் கட்டினாள்.

நடுவர் மட்டும் விடவில்லை. “இவருக்கு யார் பொறுப்பு?”

“நான்,” என்றார் ரோசாரியோ. “என்னோடு இருக்கட்டும்.”

இப்படியாக, என் மகள் முதன்முதலாய் இறங்கின ஆட்டத்தை எதிரணியின் வாங்கில் இருந்து பார்த்தேன். அபி ஒரு பந்தைக் கூடையில் போட்டபோது என்னை மறந்து எழும்பிக் கை தட்டினேன். பகேரியாப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோசாரியோ என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இருத்தினார். நான் குனிந்தபோது அவருடைய ஒட்டுற சப்பாத்து தெரிந்தது. என்னைப் பிடித்திருந்த அவருடைய கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை, நூல் கட்ட வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ரயிலில் நான் கதைத்ததெல்லாம் ஞாபகம் வந்து, அதற்குப் பிறகு சப்பாத்துப் பக்கம் பார்க்கவில்லை.

இடைவேளையில் வதனி அந்தத் தேங்காயைச் சின்னத் துண்டுகளாய், சொட்டுச் சொட்டாய் வெட்டி இரண்டு அணிக்கும் கொடுத்தா. நடுவரும் இரண்டு சொட்டுச் சாப்பிட்டார்.

நாங்கள் நாலு புள்ளியால் தோற்றோம்.

திரும்பி வரும் ரயிலில் அபியும் எங்களோடு வந்தாள். “ரெண்டு அணிக்கும் எண்டு நீங்கள்தான் சொன்னீங்கள், அப்பா. பிள்ளையார் அதைக் கேட்டிட்டார்.”

குகன் அண்ணை கடலைப் பார்த்தபடியே சொன்னார். “ஆமியெண்டால் விழுறன் எண்டான். விழுந்தான். சொன்ன சொல் தவறாத மனுசன்.”

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒரு கதையை நம்பாவிட்டால், “தேங்காய் எறிஞ்சு பாப்பமோ?” என்பார்கள். கனடாவில் இருந்து வந்த வதனியின் ஒன்றுவிட்ட தம்பி, தான் அங்கே பெரிய மனேச்சர் என்றபோது, அபி பேசாமல் குசினிக்குள் போய் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் சின்னக் கோயிலில் திருவிழாவுக்குத் தேங்காய் உடைக்கிற வேலை இப்போது என்னுடையது. முதலே உரத்துச் சொல்லிவிட்டுத்தான் உடைப்பேன். இளம்பிள்ளைகள் சிரிப்பார்கள். அபி இத்தாலியனில், “எல்லாரும் நிலத்தில்!” என்று கத்துவாள். நான் அவசரப்படுவதில்லை. என் வயசுக்காரர் ஆறேழு பேர் காதைப் பொத்தும்வரை தேங்காயைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன்.

வருசா வருசம் பகேரியாவில் இருந்து ரயிலேறி ரோசாரியோவும் வருவார். குகன் அண்ணைக்குப் பக்கத்தில், நெற்றியில் விபூதியோடு, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். நான் கையை ஓங்கும்போது ஒவ்வொரு வருசமும் அதையே கேட்பார்.

“எந்த அணிக்கு?”

“இரண்டு அணிக்கும்,” என்பேன். இப்போது அது பொய்யில்லை.