முழங்கையரின் பலகை

உலகத்தில் நடக்கிற எல்லாப் பிழைக்கும் முழங்கைதான் காரணம் என்று நம்பிய ஒரே மனிதர், சீனன்குடா விமானத் தளத்துத் தச்சர். அதனாலேயே அவர் முழங்கையர். யாராவது தேத்தண்ணியைச் சிந்தினால், "முழங்கையை எங்க வைச்சனீ?" என்பார். சவரக்காரர் கன்னத்தை வெட்டியபோதும், இரத்தம் வழிய வழிய அதைத்தான் கேட்டார். மத்தியானத்தில் முழங்கை இரண்டையும் தச்சு வேலை செய்கிற மர வாங்கில் ஊன்றிக்கொண்டு எங்களுக்குப் பேப்பர் வாசிப்பார். நான் அங்கே பிளேன் கழுவுகிறவன். கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் வேலைக்கு வருவேன். ஒருநாள் அந்த வள்ளம்... சரி, அது வேறு கதை.

பாலையூற்றிலிருந்து வந்த தம்பி ஒருவன் பிளேன் ஓட்டப் பழகினான். இறங்கும்போது மூன்று தரம் துள்ளும். பரீட்சையிலும் துள்ளினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"பிளேன் துள்ளேல்லையடா," என்றார் முழங்கையர். "உன்ர முழங்கை அந்தரத்தில நிக்குது. சக்கரம் தட்டக் கை துள்ளுது, கை துள்ளப் பிளேன் துள்ளுது. கதிரையில கை வைக்கப் பலகை வேணும்."

பின்னேரத்துக்குள் முதிரை மரத்தில் ஒரு பலகை செய்து, தும்பு வைத்துத் தோல் தைத்துவிட்டார்.

"நாளைக்குக் காலமை, பரீட்சைக்கு முன்னம், நாலாம் நம்பர்ப் பிளேனில பூட்டிவிடு. எனக்கு ஏற ஏலாது," என்று என்னிடம் தந்தார்.

"ஓம்" என்றேன். எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது. இதுவும் நான் சொல்ல மகள் எழுதுவதுதான். கொட்டிலுக்குக் கிட்ட நிற்பது நாலு என்பது மட்டும் தெரியும். அன்றைக்கென்று பார்த்துப் பிளேன்களை இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள்.

தம்பி பஞ்சு போல இறங்கினான். முழங்கையர் அழுதே விட்டார். பின்னாலேயே, மற்றப் பிளேனில் பக்கத்திலேயே பறந்து பரீட்சை பார்த்த பெரிய சேர், ஆட்டுக்குட்டி போல நாலு தரம் துள்ளி இறங்கினார். அவர் கதிரையில்தான் பலகை!

முழங்கையர் தம்பியை மறித்தார். "அப்ப நீ முழங்கையை எதில வைச்சனீ?"

"நீங்கள் பூட்டின பலகையிலதான் அண்ணை."

"பலகை அங்க கிடக்குதே!"

தம்பி குனிந்து பார்த்தான். "அப்ப... துடையிலயாக்கும்."

முழங்கையர் அடிமட்டத்தை எடுத்து அவன் துடையை அளந்தார். "பலகையை ஒரு அங்குலம் உயர்த்தியிருக்கவேணும்."

பலகை வேலை செய்ததா, துடை வேலை செய்ததா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தம்பி தேறிவிட்டான்.

அதற்குள் பெரிய சேர் பலகையோடு வந்தார். "ஆர் இதை என்ர பிளேனில பூட்டினது?"

வேலை போனால் வீட்டில் ஐந்து வயிறு. நான் வாளிக்கு மேல் குனிந்து துணியைப் பிழிந்தேன்.

"நான்தான் சேர்," என்றார் முழங்கையர்.

"மூண்டாம் நம்பர் எண்டு வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியாது சேர். நான் படிக்கேல்ல."

"ஒரு கிழமைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது!"

அந்தக் கிழமை முழுக்க, மத்தியானத்தில் எங்களுக்குப் பேப்பர் வாசிக்க ஆளில்லை.