போட்டோவில் அப்பாவின் தொப்பி மட்டும்

ஸ்ஃபாக்ஸ்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க ஜொஹ்ரா அக்காவுக்கு, தம்பி மோன்ஜி ஸலாம் சொல்லி எழுதுவது. மார்செய்யில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவைத் தவிர. அவர் மவுத்தாகி இருபது நாள் ஆனது உனக்கே தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

ஊரிலுள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே போட்டோவில் நிற்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் கடைசி ஆசை. ஆலிவ் தோப்புத் தகராறில் பதினொரு வருஷமாகப் பேசாத பஷீர் அண்ணனும் அம்மார் அண்ணனும் வரச் சம்மதித்தார்கள், ஆளுக்கொரு கோடியில் நிறுத்தினால் மட்டும். நடுவே பதினான்கு பேர். அவ்வளவு நீளத்துக்கு நான் எங்கே போவேன்? அதனால்தான் நீ அனுப்பிய பெரிய பிலிம் கேமராவில், இரு பக்கமும் அடைப்புச் செருகி, சாதாரணச் சின்ன பிலிமைப் போட்டேன். படம் நீளக் கீற்றாக, பிலிம் ஓரத்து ஓட்டை வரைக்கும் விழும். ஆனால் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால் முழுசாகத் தெரியும், படத்தில் விழுவதோ மேலும் கீழும் போக நடுக்கீற்று மட்டும். இதை முந்தின நாள் அப்பாவுக்கு ஒரு மணி நேரம் நானேதான் விளக்கினேன். மறுநாள் இரண்டு அண்ணன்களும் இரண்டு கோடியில் முறைத்துக்கொண்டு நின்றதில், நானே மறந்துபோனேன். அப்பா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் அவர் போய்விட்டார். இந்தக் கேமராவில் சின்ன பிலிம் தானாக டப்பாவுக்குள் திரும்பாது, இருட்டில் கையால்தான் சுற்ற வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் வீடு முழுக்க. நான் அலமாரிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுற்றினேன். கதவைத் திறக்க வந்த சித்தியிடம் என் மனைவி, "தொறக்காதீங்க, அவரு உள்ள அழுதுகிட்டிருக்காரு" என்றாள். அவ்வளவுதான், வெளியே வீடே அழுதது. மறைப்பானேன், உள்ளே நானும் அழுதேன்.

படம் வந்தது. பதினாறு பேரும் துலக்கம், நெஞ்சில் ஓட்டை வரிசையோடு. அப்பாவின் சேஷியாத் தொப்பியில் சிவப்பு உச்சி மட்டும் இருந்தது. "ஏண்டா, நடுவுல மாதுளம்பழத்த வச்சது யாரு?" என்றாள் சித்தி. பஷீர் அண்ணன், "அம்மார் சொல்லித்தானே அப்பாவ வெட்டின?" என்றார். அம்மார் அண்ணன் அதையே பஷீர் பேரைப் போட்டுக் கேட்டார். இந்தப் படத்தை மாட்டினால் நாற்பதாம் நாளுக்கு வாசலை மிதிக்க மாட்டோம் என்று இருவரும் தனித்தனியே சொல்லியாயிற்று. என் கையாலேயே அப்பாவை இரண்டாம் தரம் புதைத்துவிட்டேன், அக்கா. உன் நிக்காஹ் படத்தில் அப்பா இருப்பாரே, அதை உடனே அனுப்பு. வெட்டி ஒட்டுகிறேன்.

அத்தானுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாத
மோன்ஜி

பின்குறிப்பு: படம் அனுப்பாதே. அம்மா இப்போதுதான் வாயைத் திறந்தாள். படமெடுத்த அன்று அவள் அப்பாவிடம், "எந்திரிச்சு நில்லுங்க, உக்காந்தா நீங்க படத்துல விழமாட்டீங்களாமே" என்றாளாம். "சும்மா இரு. நான் எந்திரிச்சா யாராவது தாங்கணும். யாரு தாங்குறதுன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்குவானுங்க. பசங்க விழுந்தா போதும்" என்றாராம். இதை அண்ணன்கள் இருவரிடமும் சொன்னேன். நாற்பதாம் நாள் வரை யாரும் காத்திருக்கவில்லை. பஷீர் அண்ணன் ஆணியைப் பிடித்தார், அம்மார் அண்ணன் சுத்தியலால் அடித்தார். விரலில் படவில்லை.