சத்தம் போடாத சைக்கிள்

"ஏன் சார் தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

வாட்ச்மேன் கேட்டது நியாயமான கேள்விதான். மனிதன் சைக்கிளைக் கண்டுபிடித்ததே ஏறி உட்காருவதற்குத்தான். புத்தம் புதுச் சைக்கிள் ஒன்றை, காய்ச்சல்காரனைக் கைத்தாங்கலாக நடத்தி வருவது போல ஒருவர் கல்லூரி வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

இயற்பியல் பேராசிரியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். புகை, தூசு, நுரையீரல் என்று எதைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசத் தயாராக வந்திருந்தார். இந்த ஒரு கேள்விக்குத்தான் தயாரிக்கவில்லை.

"சும்மா... உடற்பயிற்சி."

"சைக்கிள் ஓட்டறதே உடற்பயிற்சிதானே சார்?"

"இது அதுக்கும் மேல."

வாட்ச்மேன் சைக்கிளை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். "தள்ளினா டிக் டிக்குன்னு சத்தம் வருமே சார். உங்க சைக்கிள் ஊமை மாதிரி வருது?"

"நல்ல சைக்கிள்னா சத்தம் போடாது. ஒலி மாசும் மாசுதான்" என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் கம்பீரமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உண்மையில் அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை ஏறி, நேராகச் சாக்கடையில் இறங்கியவர், அதற்குப் பிறகு ஏறவே இல்லை. உருளும் சக்கரம் ஏன் விழுவதில்லை என்று பலகை நிறையக் கணக்குப் போட்டு நடத்துவார். மாணவர்கள் அவருக்கு 'உந்தம் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் எந்தச் சக்கரமும் அவரை வைத்துக்கொண்டு விழாமல் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவர் இந்த வம்பில் மாட்டியது மனைவியால். அவளும் அதே கல்லூரியில் நூலகர். கல்லூரி வாசலில் காற்றின் தரத்தைக் காட்டும் பலகை ஒன்றை முதல்வர் மாட்டிவைத்தார். காலையில் பைக்குகள் படையெடுக்கும் நேரத்தில் அது சிவந்து போனது. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர், "எல்லாரையும் சைக்கிளுக்கு மாத்தணும். யாராவது ஒருத்தர் முன்னால நின்னு நடத்தணும். யாரு?" என்று கேட்டதும், எல்லோருக்கும் திடீரென்று மின்விசிறி மேல் அக்கறை வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் இருக்காரே! படிக்கிற காலத்துல சைக்கிள் ரேஸ்ல கப் வாங்கினவர்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பேராசிரியர் சிக்கனமானவர், ஒன்றே ஒன்றுதான் சொன்னார். நூலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அந்தப் பெண் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டே, "நீங்க விளையாட்டெல்லாம் விளையாடுவீங்களா?" என்று கேட்ட நொடியில், கையெழுத்துப் போட்டியில் வாங்கிய கோப்பை சைக்கிள் பந்தயக் கோப்பையாகிவிட்டது. அந்தக் கோப்பை இன்றும் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கிறது. வாரா வாரம் அவள்தான் அதைத் துடைத்து வைக்கிறாள்.

கல்லூரியே கைகொட்டிச் சிரித்தாலும் அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் "அப்போ அதுவும் பொய்யா?" என்று அவள் கேட்டுவிட்டால்? அந்த 'அதுவும்' என்ற சொல்லை அவரால் தாங்க முடியாது.

அதனால் அன்று மாலையே சைக்கிள் கடைக்குப் போனார். நடுவில் நின்றிருந்த நீலச் சைக்கிளைக் கைகாட்டி, பணம் கட்டி, விலாசம் எழுதிக் கொடுத்தார்.

"பத்து நிமிஷம் உக்காருங்க சார். கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்றார் கடைக்காரர்.

அதே நேரம் தெருக்கோடியில் அவருடைய மாணவர் கூட்டம் ஒன்று வந்துகொண்டிருந்தது. இங்கே நின்றால், "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க சார்" என்பார்கள்.

"என்ன பெரிய வேலை? ரெண்டு சக்கரம் இருக்கு, பெல் இருக்கு. போதும்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்குச் சந்தில் புகுந்தார். கடைக்காரர் கையில் ஏதோ பொட்டலத்தோடு "சார்! சார்!" என்று கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி வந்தார். 'காத்தடிக்கிற பம்பையும் என் தலையில கட்டப் பார்க்கிறான்' என்று நினைத்த பேராசிரியர் நடையை எட்டிப் போட்டார்.

உடற்பயிற்சி என்ற பதில் ஒரு நாள்தான் தாங்கியது. மறுநாள் அவர் தள்ளிக்கொண்டு வரும்போது மாணவர்கள் வழிமறித்தார்கள்.

"என்ன சார், இன்னிக்கும் தள்றீங்க?"

"பஞ்சர்."

சொன்னதுதான் தாமதம், சுற்றி வளைத்துக் குனிந்துவிட்டார்கள். ஒருவன் டயரை அமுக்கினான். ஒருத்தி பின் சக்கரத்தருகே முட்டி போட்டாள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காத்து கல்லு மாதிரி இருக்கே சார்" என்றான் ஒருவன்.

முட்டி போட்டிருந்த பெண் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். முகம் மட்டும் மிகவும் பணிவாக இருந்தது. "சும்மா இருடா. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்தச் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுதான் வர முடியும். இல்ல சார்?"

என்ன மரியாதையான பிள்ளை என்று பேராசிரியர் நெகிழ்ந்து போனார். ஆனால் தினம் ஒரு பஞ்சர் போட முடியாது. இதற்கு ஒரு நிரந்தர வழி வேண்டுமே என்று யோசித்தவருக்கு, முதல்வர் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வழி கிடைத்துவிட்டது.

"சார், வளாகத்துக்குள்ள ஏகப்பட்ட பேர் நடக்கறாங்க. வேகமா சைக்கிள் விட்டா யார் மேலயாவது மோதும். அதனால வாசல்லயே எல்லாரும் இறங்கி, தள்ளிக்கிட்டுத்தான் உள்ள வரணும்னு ஒரு விதி போட்ருவோம். நான் ரெண்டு நாளா அதுக்கு முன்மாதிரியாத்தான் தள்ளிக்கிட்டு வர்றேன்."

முதல்வர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி தொலைநோக்கு உள்ளவங்க நமக்குக் கிடைக்கறது கஷ்டம்."

விதி வந்தது, நிம்மதியும் வந்தது. ஆனால் அந்த வாரமே பைக் ஓட்டும் பையன்கள் அவருடைய அறை முன்னால் கூடிவிட்டார்கள்.

"இது அநியாயம் சார்! புகை விடாத சைக்கிளைத் தள்ளணும். புகை விடற பைக் மட்டும் ஜம்முன்னு உள்ள போகலாமா?"

"பைக் வெச்சிருக்கிற நீங்களே கேக்கறீங்களே, உங்களுக்கு என்னப்பா குறை?"

"சைக்கிள்ல வர்ற பொண்ணுங்க எங்களைக் கேவலமாப் பாக்குறாங்க சார்."

தலையை எண்ணி முடிக்கவே நேரமாகும் அளவுக்குக் கூட்டம். சைக்கிள் விதியையே எடுத்துவிட்டால் அவரே சைக்கிளில் ஏற வேண்டியிருக்கும். வேறு வழியில்லாமல், "சரி, எல்லா வண்டியும் தள்ளித்தான்" என்று சொல்லிவிட்டார்.

பைக்கைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். வாசலிலிருந்து வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பையன்களுக்கு நாக்குத் தள்ளியது. ஒருவர் பின் ஒருவராகப் பைக்கை வீட்டில் போட்டுவிட்டுச் சைக்கிளுக்கு மாறினார்கள். தள்ளுவதற்கு அதுதான் சுலபம்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வாட்ச்மேன் விதியென்றால் விதி என்பவர். ஒரு நாள் காலையில் முதல்வரின் காரையே கைகாட்டி நிறுத்திவிட்டார்.

"தள்ளிக்கிட்டுப் போங்க சார்."

"எதை?"

"காரைத்தான் சார். எல்லா வண்டியும்னு போட்டிருக்கே."

முதல்வர் இறங்கி, விறுவிறுவென்று நடந்து வந்து பேராசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். பேராசிரியருக்கு உள்ளூர ஆனந்தம். தொலைந்தது, திட்டத்தையும் விதியையும் ஒரேயடியாகத் தூக்கிவிடுவார், தன்னையும் விட்டுவிடுவார் என்று ஓடினார்.

முதல்வர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். "நான் நடந்து வந்தேன்" என்றார்.

"தெரியும் சார். மன்னிச்சுக்கங்க."

"வழியில மரமெல்லாம் இருக்குய்யா! இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. இனிமே தினம் நடக்கப் போறேன். உங்க விதியில யாரும் கை வெக்கக் கூடாது."

வாசல் பலகை சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்து, ஒரு காலையில் பச்சையாகவே நின்றுவிட்டது. வகுப்பறையில் இருமல் குறைந்தது. மைதானத்துப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். பேராசிரியரும் அந்தக் காற்றை இழுத்து ஒரு மூச்சு விட்டார். பொய்யில் பிறந்தாலும் காற்று நல்ல காற்றுதான் என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வீட்டில் மட்டும் நெருக்கடி தீரவில்லை. ஒரு நாள் துவைக்கிற துணியை எடுத்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"என்னங்க, சைக்கிள்ல போறவங்க பேன்ட்ல கிரீஸ் படுமாம். உங்க பேன்ட் மட்டும் கடையில வாங்கின மாதிரியே இருக்கே?"

"ஓட்டறவன் ஓட்டினா ஒட்டாது" என்று சமாளித்தார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிரீஸ் டப்பாவில் விரலை விட்டு, பேன்ட்டின் இடது காலில் தாராளமாகப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவள் கறையைப் பார்த்தாள். "இடது காலா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லைங்க." வேகமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. கொஞ்ச நேரம் இருமிக்கொண்டே இருந்தாள். கிரீஸ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பேராசிரியர் வருத்தப்பட்டார்.

இவ்வளவு பொய் சொல்வதற்குப் பேசாமல் கற்றுக்கொண்டுவிட்டால் என்ன என்றும் ஒரு விடுமுறை நாளில் தோன்றியது. ஆளில்லாத ஆய்வுக்கூடத்துக்குள் சைக்கிளைக் கொண்டுபோய், மேசையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மிதித்தார். வியர்க்க வியர்க்க மிதித்தார். சைக்கிள் நின்ற இடத்திலேயே யோசித்துப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது. முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தவர், சிலருக்குப் பாட்டு வராது, எனக்குச் சைக்கிள் வராது என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்போதுதான் விருது வந்தது. சுத்தமான காற்றுள்ள கல்லூரி என்று இவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கொடுக்க வந்தவர் நுரையீரல் டாக்டர் அம்மா ஒருவர். அவரே சைக்கிளில் வந்து, வாசலில் இறங்கி, விதிப்படி தள்ளிக்கொண்டு வந்தார். மைதானத்தில் மேடை. முன் வரிசையில் மாணவர்கள், ஓரத்தில் வாட்ச்மேன், ஆசிரியர்களுக்கு நடுவில் மடியில் கைப்பையோடு மனைவி. மேடைக்குப் பக்கத்தில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள் அந்த நீலச் சைக்கிளை.

கேடயத்தைக் கொடுத்துவிட்டு டாக்டர் அம்மா ஒலிபெருக்கியில் சொன்னார். "இவ்வளவு செஞ்ச பேராசிரியர் இந்த மைதானத்தை ஒரே ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும். எங்க எல்லாருக்கும் ஆசை."

பேராசிரியர் தயாராக இருந்தார். "மன்னிக்கணும், வளாகத்துக்குள்ள ஓட்டக் கூடாதுன்னு விதி இருக்கு."

முதல்வர் துள்ளி எழுந்தார். "இன்னிக்கு ஒரு நாள் விதிவிலக்கு!"

கூட்டம் 'ஓ' என்று கத்தியது. பேராசிரியர் படியிறங்கினார். கால் சைக்கிளை நோக்கிப் போகிறது, கண் மனைவியைப் பார்க்கிறது. அவள் மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறினால் விழுவார், அது நிச்சயம். விழுந்தபின் பிடிபடுவதைவிட நிற்கும்போதே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது. திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார்.

"எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

யார் முகத்தையும் பார்க்காமல் தொடர்ந்தார்.

"அதை மறைக்கத்தான் தினமும் தள்ளிக்கிட்டு வந்தேன். அதுக்காகத்தான் அந்த விதியே போட்டேன். அந்தக் கப்..." குரல் இறங்கிவிட்டது. "அது கையெழுத்துப் போட்டியில குடுத்தது. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்மா. இத்தனை வருஷமா நீ அதைத் துடைக்கிறப்போ எல்லாம் எனக்கு நெஞ்சு வலிச்சிருக்கு. எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க."

பூகம்பம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. மெல்லத் திறந்து பார்த்தார். முன் வரிசையில் எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. முதல்வர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தார். வாட்ச்மேன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மனைவி எழுந்தாள். நேராக மேடைக்கு வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். கனமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

"இந்தாங்க, நீங்க வாங்கின அன்னிக்கே கடைக்காரர் வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாரு, உங்க சைக்கிளோட செயின்."