ஏழாம் எண் குரல்

சொந்த வீட்டுக்குப் போக மனைவி போனிடம் வழி கேட்டபோதுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு முதல் சந்தேகம் வந்தது.

அவள் பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்த வளைவில் லாரி நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் அன்று சாயங்காலம் அவரைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு, போனை எதிரில் மாட்டி, 'வீடு' என்று தட்டினாள்.

"இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது ஓர் ஆண் குரல்.

"சரிங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஏதாவது சொன்னால் 'பாக்கலாம்' என்றுதான் அவள் சொல்வாள். இந்தச் 'சரிங்க' கல்யாணமான புதிதில் கேட்டது.

அடுத்த முனையில் அவள் வேண்டுமென்றே வலதுபுறம் திரும்பினாள். குரல் துளியும் கோபப்படாமல் வேறொரு வழியைக் கண்டுபிடித்துச் சொன்னது. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"உனக்கு வழி தெரியாதா?"

"தெரியுமே."

"அப்புறம் இது எதுக்கு?"

"சும்மா, பேச்சுத் துணைக்கு."

பேச்சுத் துணைக்கென்று கட்டிக்கொண்ட புருஷன் பக்கத்து இருக்கையில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நியாயத்தையும் சொல்லவேண்டும். கடையில் காலையிலிருந்து 'இது தெளிவா, அது தெளிவா' என்று பேசித் தீர்த்துவிட்டு வருகிறவர் வீட்டில் 'ம்' கொட்டுவதோடு சரி. அதையும் சில நாள் மிச்சம் பிடிப்பார்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போனை எடுத்தார். வழி சொல்ல மொத்தம் பத்தொன்பது குரல்கள் இருந்தன. மலைப்பக்கத்துப் பேச்சு, துறைமுகத்துப் பேச்சு, வெளிநாட்டுக்காரர் நம் மொழி பேசும் பேச்சு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அத்தனையையும் விட்டுவிட்டு அவள் பிடித்துவைத்திருந்தது ஏழாம் எண். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ராகம் இல்லை, இழுப்பு இல்லை, எந்த ஊர் வாடையும் இல்லை. வெறும் வெந்நீர் மாதிரி இருந்தது. இதில் அப்படி என்னத்தைக் கண்டாள் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் கடையில் விசாரணையைத் தொடங்கினார். கண்ணாடி போட வருகிறவர்கள் அவரிடம் 'நீங்க எந்த ஊருங்க?' என்று கேட்பது வழக்கம். அவரும் மரியாதைக்குத் திருப்பிக் கேட்பார். இம்முறை கூடவே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு எந்தப் பக்கத்துப் பேச்சு பிடிக்கும்?"

"மலைப்பக்கம்தான்" என்றார் தபால்காரர். "அடுத்த ரூம்ல குழந்தை தூங்குற மாதிரியே பேசுவாங்க. கேட்டாலே நமக்கும் கோபம் இறங்கிடும்."

"துறைமுகம்" என்றாள் தையல்காரி. "எதைச் சொன்னாலும் கேள்வி மாதிரி முடிப்பாங்க. நம்மகிட்ட அபிப்பிராயம் கேக்குறாங்கன்னு ஒரு சந்தோஷம். எங்க வீட்டுல யார் கேக்கறா?"

"வெளிநாட்டுக்காரங்க நம்ம பேச்சைப் பேசணும்" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி. "ஒவ்வொரு வார்த்தையா தேடித் தேடி எடுத்து வைப்பாங்க. அவ்வளவு சிரமம் நமக்காகப் படறாங்களேன்னு மனசு உருகும். வக்கீல்கள் யாரும் எனக்காக அப்படிச் சிரமப்பட்டதில்லை."

கண்ணாடிக்கடைக்காரர் மூன்றையும் மூக்குக்கண்ணாடி ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். அவருக்கு வயது நாற்பத்தாறு. மனைவியை ஒரு குரலிடம் பறிகொடுத்துவிட்டு மிச்சக் காலத்தைத் தள்ள அவரால் முடியாது.

முதலில் மலைப்பக்கம். ராத்திரிச் சாப்பாட்டின்போது, பக்கத்து அறையில் இல்லாத குழந்தையை எழுப்பாமல், "குழம்பு நல்லா இருக்கு" என்றார்.

"தொண்டை கட்டிடுச்சா?" என்றாள் மனைவி. மூன்று நாள் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள்.

அடுத்தது துறைமுகம். "தண்ணி மோட்டாரை நிறுத்திட்டேன்?" என்றார். அவர் கேட்கிறார் என்று நினைத்து அவள் ஓடிப்போய் விசையை மாற்றிப் போட்டாள். நின்றிருந்த மோட்டார் ஓடத் தொடங்கி, தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த மெத்தை நனைந்தது. கடையிலோ, "இந்தக் கண்ணாடி உங்களுக்கு நல்லாப் பொருந்துது?" என்று அவர் சொல்ல, வந்தவர் நிலைக்கண்ணாடியில் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க" என்று எழுந்து போய்விட்டார்.

பொறுமை இழந்த கண்ணாடிக்கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். அதை நினைத்து இப்போதும் அவர் வெட்கப்படுகிறார். மனைவியின் போனில் ஏழாம் எண்ணை அழித்துவிட்டு, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி அதட்டும் பன்னிரண்டாம் எண்ணை வைத்தார்.

மறுநாள் அவள் முகம் தொங்கிப்போய் வந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. சோபாவில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்ன தேடறே?"

"ஒருத்தரைக் காணோம்" என்றாள்.

ஒருத்தரையாம்! கொஞ்ச நேரத்தில் ஏழாம் எண் திரும்பக் கிடைத்து, இடதுபுறம் திரும்பச் சொன்னது. போகிற இடம் எதுவும் இல்லாமலே அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மிச்சமிருந்தது வெளிநாடு ஒன்றுதான். பல்லுக்கிடையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, நாக்கை மடித்து, ஒரு வாரம் பயிற்சி எடுத்தார். எட்டாம் நாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"உன்... மேல்... எனக்கு... ரொம்ப... பிரியம்" என்றார், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. பென்சில் பழக்கத்தில் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

மனைவியின் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. "ஐயோ, பக்கவாதமா! ரெண்டு கையையும் தூக்குங்க! சிரிங்க பார்க்கலாம்!"

அவர் கையைத் தூக்கிச் சிரித்தார். சிரிப்பும் கோணிக்கொண்டது. பத்தாவது நிமிடம் அவள் காரை எடுத்துவிட்டாள். அன்றைக்கு எந்தக் குரலிடமும் வழி கேட்கவில்லை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் கண்ணில் டார்ச் அடித்தார். முழங்காலைத் தட்டினார். உள்ளங்காலைச் சுரண்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

"பேர் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால், போனுக்குள் இருக்கும் ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கண்ணாடிக்கடைக்காரர் வெளிநாட்டுக்காரராகவே தொடர்ந்தார். பேரைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் பிடித்தது. டாக்டரம்மாவின் முகம் இறுகியது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மாசமாவே சரியில்லை டாக்டர்" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்தது. "முதல்ல குரல் கம்மிப்போச்சு. அப்புறம் எல்லாத்தையும் கேள்வி கேக்குற மாதிரியே பேசினாரு. இப்ப வார்த்தையே வரமாட்டேங்குது. முன்னாடியும் அதிகம் பேசமாட்டாருதான். ஆனா பேசினாருன்னா அவ்வளவு நல்லா இருக்கும்."

கண்ணாடிக்கடைக்காரர் தலை குனிந்தார். பதினாறு வருடத்தில் இதை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"முன்னாடி எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியணும்" என்றார் டாக்டரம்மா. "அப்பதான் எவ்வளவு பாதிச்சிருக்குன்னு சொல்ல முடியும். பழைய பதிவு ஏதாவது இருக்கா?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தட்டினாள்.

"இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது ஏழாம் எண்.

டாக்டரம்மா காதைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டார். எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடிக்கடைக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கவலைப்படாதீங்க, உங்க பேச்சைத் திரும்பக் கொண்டுவந்திடலாம்" என்றார். "நல்லவேளை, வீட்டம்மா உங்க குரலைப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க."