ஆத்தாவை எறக்கச் சொன்னது யாரு?

இன்னைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. மீட்டிங் முடியிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

அவ்வளவுதான். சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம். சும்மா இருக்கணும். இதைவிட லேசான வேலை உலகத்துல உண்டா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

வேலை கொடுத்தது என் மக நித்யா. சென்னைக் கம்பெனிக்கு எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் இன்ஜினியர். அடுப்படி ஏன்னு கேட்காதீங்க. குன்றாண்டார்கோவில் பக்கத்துல இருக்கிற எங்க ஊருல, எங்க வீட்டுல, சிக்னல் ஒழுங்கா கிடைக்கிற ஒரே எடம் மிக்ஸிக்குப் பக்கத்துலதான்.

"அம்மா, இன்னைக்கு ஸ்பிரிண்ட் பிளானிங். மொத தடவையா நான் நடத்துறேன். ஒழுங்கா முடிச்சுக் கொடுத்தா அடுத்த வாரம் திருவிழாவுக்கு வியாழன், வெள்ளி லீவு தர்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. தயவுசெஞ்சு பேசாத."

அந்த லீவு அவளை விட எனக்குத்தான் முக்கியம். போன வருஷம் நான் தனியா முளைப்பாரி தூக்கிக்கிட்டுப் போக, "எங்க ஒங்க பொண்ணு?"ன்னு தெரு முழுக்கக் கேட்டாங்க. மீட்டிங்ல இருக்கான்னு சொன்னா, ஏதோ போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கான்னு சொன்ன மாதிரி பார்த்தாங்க. இந்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குறோம்னு ஊரு பூரா சொல்லி வச்சிருந்தேன்.

"நான் ஏண்டி பேசப் போறேன்?"ன்னு கேட்டேன்.

அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா மட்டும்.

மீட்டிங் ஆரம்பமாச்சு. ஸ்பிரிண்ட்னா எனக்குத் தெரிஞ்சது நான் படிச்ச கான்வென்ட்டுல ஓடின நூறு மீட்டர் ஓட்டம். இவங்களுக்கு அது ரெண்டு வாரமாம். ரெண்டு வாரத்துல யார் யார் என்ன வேலை முடிக்கிறதுன்னு உக்காந்து பிரிச்சுக்கிறதுதான் பிளானிங். ஒவ்வொரு வேலைக்கும் பேரு ஸ்டோரி! எங்களுக்கு ஸ்டோரின்னா 'ஒரு ஊரில் ஒரு ராஜா'. இவங்களுக்கு 'பட்டன் கலர் மாத்தணும்'.

ஒவ்வொரு ஸ்டோரிக்கும் கஷ்டத்துக்குத் தகுந்த மாதிரி மார்க் போடுறாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு.

நான் பேசக் கூடாதுதான். ஆனா கணக்குன்னு வந்துட்டா எப்படி? ஒரு பேப்பர்ல 'நாலு எங்கடி?'ன்னு எழுதிக் காட்டினேன். அவ அந்தப் பேப்பரை வாங்கிக் கசக்கி எறிஞ்சா.

மீட்டிங்ல ஒரு ஏஐயும் உக்காந்திருந்துச்சு. தமிழோ இங்கிலீஷோ, யார் எதைப் பேசினாலும் கேட்டு, வேலையாப் பிரிச்சு, இன்னார் செய்யணும்னு பேரும் போட்டு இங்கிலீஷ்ல எழுதிடுமாம். எழுதுறதோட நிக்காது. யாராவது சரின்னு சொல்லிட்டா கம்ப்யூட்டர் கோடு எழுதவும் தானே ஆரம்பிச்சிடுமாம். சொன்னதைக் கேட்குது, உடனே செய்யுது, எதிர்த்துப் பேசல. இந்த மாதிரி ஒண்ணு என் வயித்துல பொறக்கலையேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போச்சு.

நித்யா சட்டுன்னு போன் நெட்டுக்கு மாத்தினா. நல்ல வேளையா மேனேஜரும் "பத்து நிமிஷம் டீ பிரேக்"னு சொல்லிட்டாரு.

"அம்மா, இன்வெர்ட்டர் ஏன் எடுக்கலன்னு மாடியில பார்த்துட்டு வாரேன். இது மியூட்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்க. வேற எதையும் தொடாத."

பார்த்தேன். ஸ்கிரீன்ல குட்டியா ஒரு மைக்கு. செக்கச் செவேல்னு இருந்துச்சு.

எங்க வீட்டு கீசர்ல சிவப்பு லைட் எரிஞ்சா ஆன். அயர்ன் பாக்ஸ்ல சிவப்பு எரிஞ்சா ஆன். ஆக, மைக்கு ஆன்ல இருக்கு! இந்தப் பொண்ணு இவ்வளவு படிச்சும் மைக்கை அணைக்காம போயிட்டாளே!

ஒரே அமுக்கு. சிவப்பு போயிருச்சு. என் மகளைக் காப்பாத்திட்டேன்னு ஒரு பெருமை வந்துச்சு பாருங்க!

சரியா அப்பத்தான் என் கொழுந்தனார் செல்வராசு அடுப்படி ஜன்னல்கிட்ட வந்து நின்னாரு. திருவிழாக் கமிட்டி ஆளு. அவருக்கு மைக்கே தேவையில்லை. பேசினா நாலு தெருவுக்குக் கேட்கும்.

எங்க ஊரு அம்மனை நாங்க ஆத்தான்னுதான் சொல்லுவோம். சப்பரத்துல ஏத்தி வீதி சுத்திட்டு, கோயில் கேட்டு வழியா கொண்டு போய் வாசல்ல எறக்குவோம். அதைப் பத்தித்தான் பேச்சு.

"மதினி, ஆத்தாவ வியாழக்கிழமையே எறக்கிறலாம்னு இருக்கோம்."

"என்ன செல்வராசு தம்பி இது? வழக்கமா வெள்ளிக்கிழமை விடிஞ்சுதானே எறக்குறது?"

"வெள்ளிக்கிழமை மேளக்காரவுக வேற ஊருக்குப் போறாக மதினி."

"சரி, எறக்குங்க. அந்தக் கேட்டுல போன வருஷம் சப்பரம் இடிச்சுச்சே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"கேட்டையே கழட்டிப் போட்ருவோம்! கழட்டிட்டா யாரு வேணாலும் உள்ள போகலாம், வரலாம். ஒருத்தரும் தடுக்க மாட்டாக."

"அதைச் செய்யுங்க மொதல்ல. தள்ளுவண்டி அச்சு ஒடிஞ்சு கெடக்கே, சப்பரத்தை எதுல வச்சு இழுப்பீங்க?"

"டிராக்டர் இருக்குல்ல! நானே பாத்துக்கிறேன். நீங்க சரின்னு சொன்னா இப்பவே ஆரம்பிச்சிருவேன். அப்புறம் அண்ணன் வந்து கத்தக் கூடாது."

"நான் சொல்றேன், சரி. ஆரம்பிங்க. இன்னைக்கு சாயங்காலம் காப்புக் கட்டியாச்சுன்னா அதுக்கப்புறம் எதையும் மாத்தக் கூடாது, யாரும் ஊரை விட்டும் போகக் கூடாது. நெனைவிருக்கட்டும்!"

"உத்தரவு மதினி"ன்னு போயிட்டாரு.

பேசக் கூடாதுங்கிறது மீட்டிங்ல இருக்கிறவங்ககிட்டத்தானே? ஜன்னல்கிட்டப் பேசினா என்ன? மீட்டிங்ல இருந்த அத்தனை பேரும் டீக்கு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

டீ குடிக்காம உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தது அந்த ஏஐ ஒண்ணுதான்.

இங்க ரெண்டு விஷயம் சொல்லணும். மீட்டிங்ல மைக்கு சிவப்பா இருந்தாத்தான் ஆஃப். நித்யா கம்பெனி, வெளிநாட்டுப் பல் டாக்டருங்களுக்கு ஒரு ஆப் செஞ்சு கொடுக்குது. அதுல லாகின் பண்ணும்போது, நீ யாரு என்னன்னு பார்த்து உள்ள விடுற பகுதி ஒண்ணு இருக்கும். நம்ம கோயில் வாசல் மாதிரி. ஆபீஸ்ல அதுக்குச் சுருக்கப் பேரு 'ஆத்'.

புரிஞ்சிருச்சா? எனக்கு அப்பப் புரியல.

கரண்ட் வந்துச்சு. நித்யா வந்தா. டீ குடிச்சவங்களும் வந்தாங்க. மேனேஜர் பிரபாகர் ஸ்கிரீனைப் பார்த்து ஒவ்வொண்ணா வாசிக்க ஆரம்பிச்சாரு.

"'வியாழக்கிழமை ஆத் இறக்கப்படும்.' என்னது! ஆத்தை இறக்குறதா? நித்யா, யாரு முடிவு பண்ணினது?"

"தெரியல சார்..."

"'கேட் அகற்றப்படும். அனுமதி இல்லாமல் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.' ஐயோ! அத்தனை நோயாளிங்க விவரமும் உள்ளதான் இருக்கு! 'மாற்று ஏற்பாடு, டிராக்டர்.' டிராக்டர்னா என்ன? புது டூலா?"

டீம்ல ஒரு பையன் ரொம்ப நம்பிக்கையா சொன்னான். "கேள்விப்பட்டிருக்கேன் சார். இப்ப எல்லாரும் டிராக்டருக்குத்தான் மாறிக்கிட்டு இருக்காங்க."

"பொறுப்பு, செல்வராசு. புதுசா சேர்ந்தவரா? எச்.ஆர். எனக்கு ஏன் சொல்லல?"

அந்தப் பையன் மறுபடியும், "சார், அதைவிடப் பெரிய பிரச்சினை. ஏஐ கோடு எழுதி முடிச்சிருச்சு. கேட்டைத் தூக்கியாச்சு. இன்னும் ஒரு பட்டனைத் தட்டினா லைவ்ல போயிடும்."

"யார் அப்ரூவல் கொடுத்தது?"

"மதினின்னு போட்டிருக்கு சார்."

"யாரு அந்த மதினி?"

எல்லாரும் கம்பெனி லிஸ்ட்டுல தேடினாங்க. கடைசியில அந்தப் பையன்தான் மெதுவா கேட்டான். "கிளையன்ட் சைடு மேடமா இருக்குமோ? பேசினது கொஞ்சம் அதட்டலா இருந்த மாதிரி எழுதியிருக்கு."

உடனே மேனேஜர் குரல் மாறிப் போச்சு. "மதினி மேடம்... லைன்ல இருக்கீங்களா மேடம்?"

நித்யா மெதுவா என் பக்கம் திரும்பினா. மைக்கைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. ஜன்னலைப் பார்த்தா.

ஓடியிருக்கலாம். ஆனா கன்னியாஸ்திரிங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மொதப் பாடமே, கூப்பிட்டா எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணுங்கிறது. நின்னேன். கையில கரண்டியோட.

"குட் மார்னிங் சார். திஸ் இஸ் மதினி ஸ்பீக்கிங்."

நித்யா மேசையில தலைய வச்சுக் கவுந்துட்டா.

வெலாவாரியா சொன்னேன். ஆத்தா எங்க ஊரு அம்மன். மதினிங்கிறது என் பேரு இல்ல, கொழுந்தனார் கூப்பிடுற மொறை. கேட்டு கோயில் கேட்டு. டிராக்டர் டிராக்டர்தான்.

அப்புறம் மேனேஜர் சிரிச்சாரு பாருங்க, லேப்டாப்பே ஆடுச்சு. டீம் மொத்தமும் சிரிச்சுச்சு. ஏஐ எழுதின கோடு மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போட்டாங்க.

"பரவாயில்ல நித்யா, யாருக்கும் நடக்கிறதுதான். மத்ததெல்லாம் நல்லா பிளான் பண்ணியிருக்க. திருவிழாவுக்குத்தானே லீவு கேட்ட? வியாழன், வெள்ளி தாராளமா..."

இந்த எடத்துல நான் உக்காந்திருக்கணும். வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

"...அது என்னம்மா, கடைசியா ஒண்ணு எழுதியிருக்கு. 'காப்புக் கட்டிய பின் எதையும் மாற்றக் கூடாது.' அப்படின்னா?"

கேள்வி கேட்டா எனக்குப் பதில் சொல்லாம இருக்க முடியாது. அது வியாதி.

"சார், காப்புக் கட்டிட்டா பேசினது பேசினதுதான். புதுசா எதையும் நடுவுல சேர்க்கக் கூடாது, ஒத்துக்கிட்டதை விடவும் கூடாது. முக்கியமா, திருவிழா முடியிற வரைக்கும் ஒருத்தரும் ஊரை விட்டு நகரக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, எதுவா இருந்தாலும் சரி, போகக் கூடாதுன்னா போகக் கூடாது. சாக்குப் போக்கே கெடையாது!"

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும்!"ன்னு கரண்டியை ஆட்டினேன்.

நித்யா மேசைக்கு அடியில என் காலை மிதிச்சா. கொசுன்னு நெனைச்சு நான் நகர்ந்துக்கிட்டேன்.

மேனேஜர் மேசையைத் தட்டினாரு. "அருமைம்மா. மூணு வருஷமா நான் இந்த டீமுக்குப் புரிய வைக்க முடியாததை ரெண்டு வரியில சொல்லிட்டீங்க. டீம், கேட்டீங்கல்ல? இந்த ஸ்பிரிண்டுக்கு இன்னைக்கே காப்புக் கட்டியாச்சு. முடியிற வரைக்கும் ஒருத்தருக்கும் லீவு கெடையாது."

"சார், எனக்குப் பொண்ணு பார்க்கப் போறாங்க!"ன்னு அலறினான் டிராக்டர் பையன்.

"காதுகுத்தே கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்களேப்பா"ன்னு மேனேஜர் லைனைக் கட் பண்ணிட்டாரு.

நித்யா லேப்டாப்பை மூடினா. மூடின வேகத்துல மிக்ஸி மூடி கீழ விழுந்துச்சு.

"ஒன் லீவும் போச்சா?"ன்னு கேட்டேன். தெரிஞ்சேதான் கேட்டேன்.

"ஒருத்தரும்னா ஒருத்தரும்தானேம்மா?"

சாயங்காலம் வரைக்கும் அவ எங்கிட்டப் பேசல. காப்புக் கட்டுக்கு மேளம் கொட்டும்போதுதான் போனைப் பார்த்துக்கிட்டே வந்து, "டீம்ல எல்லாரும் ஒன்னைய நேர்ல பார்க்கணும்ங்கிறாங்க"ன்னா.

எனக்கு மனசு குளுந்து போச்சு. "வரச் சொல்லு, சமைச்சுப் போடுறேன். வரும்போது கையில ஏதாவது கொண்டு வருவாங்களா?"

"கல்லு"ன்னா.